புகைப்பரண்

கண்டியிலிருந்து பேராதனைக்கு வந்து, கலஹா சந்தியில் திரும்பி, பல்கலைக்கழகச் சோலையைக் கடந்து மேலேறினால் மழை எதிர்கொண்டு வரவேற்கும். சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, எம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவரின் இல்லத்துக்கு நண்பர் ஒருவருடன் அவ்வழியே சென்றோம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் அந்தப் பக்கத்திலேதான் உள்ளது. மலைநாட்டு லயன் வரிசைகளில் ஒன்றில் மாணவரின் தாயார் வாழ்கிறார்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதை ஒட்டிய சமையற்கட்டு, புகைபோக்கி கிடையாது. அடுப்பின்மேல் நான்கடி உயரத்தில் மூங்கிற் பரண். சிங்கள அயலவர் ‘தும்மெஸ்ஸ’ என்பது இதனையே. பரண்மேல் கொறுக்காய்ப்புளியும் விதைச் சோளமும். அதன்கீழ்க் கம்பியில் பன்றியிறைச்சிக் கண்டங்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எமக்கு இது புதுமை. அங்கே உப்பும் வெயிலும் போதும். கண்டிச் சீமையில் வெயிலை நம்பினால் இறைச்சி புழுத்துவிடும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், வேடர்கள் மரப்பொந்தில் தேனூற்றி இறைச்சியை அடைத்து வைத்ததை எழுதியுள்ளார். தேனுக்கு வழியில்லாதோர்க்குப் புகை. இறைச்சியை விரற்கனத்தில் நீளக் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகும் பிசறி, ஓரிரவு வைத்து, தேயிலை மிலாற்றின் மென்புகையில் நாலைந்து நாள் தொங்கவிடுவர். உப்பும் வெம்மையும் நீரைப் போக்க, புகையிலுள்ள பீனோல் முதலியன கிருமிகளைத் தடுக்கும். உண்ணுமுன் நன்கு வேகவைத்தல் அவசியம். சுவையைப் பற்றி எழுத நாம் தகுதியற்றோம், சைவ உணவினர். நண்பரோ பொரித்துத் தந்ததில் மூன்று துண்டுகளை உண்டபின்னும் அபிப்பிராயம் கூறாது நான்காவதை எடுத்தார்.

அந்தப் புகையையே தாயார் முப்பது ஆண்டுகளாகச் சுவாசித்திருக்கிறார். இடையில் எரிவாயு அடுப்பு வந்தது. 2022இல் நாடெங்கும் எரிவாயு கிடைக்காதபோது மறுபடி விறகு, மறுபடி இருமல். எரிவாயு திரும்பிய பின்னரும் பரணுக்காக விறகடுப்பு அணையவில்லை. மகன் புகைபோக்கி வைக்க எண்ணினார். தாயார் இசையவில்லை.

“புகையெல்லாம் மேலே போயிட்டா பரணுக்கு என்னங்க ஐயா மிஞ்சும்?” என்று எம்மிடமே நியாயம் கேட்டார். எம்மால் விடை கூற இயலவில்லை.

வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. டெக்சாஸ் மாநிலத்தார் மாட்டின் நெஞ்சிறைச்சியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மென்புகையில் வேகவைப்பர். அதற்கென வீட்டு முற்றத்தில் இரும்புப் பீப்பாயை அடுப்பாக்கிக்கொள்வோரும் உளர். அதனைக் காணொளியில் பார்த்த மகன், பழைய பீப்பாய் ஒன்றைத் தீயிட்டுத் துப்புரவாக்கி, அடியில் துளைகளிட்டு, மூடியில் குழாய் பொருத்தி, வெளியே தகரக் கூரையின் கீழ் நிறுத்தினார். முதல் முறை விறகை அள்ளிப் போட்டுவிட்டார். கொழுப்பு நெருப்பிற் சொட்டிச் சுவாலை எழ, கண்டங்கள் கரியாயின. “இதையும் அடுப்புக்குப் போடலாம்” என்றாராம் தாயார்.

நாம் சென்றது இரண்டாம் சோதனை நாள். நெருப்பைச் சிறிதாக்கி, துளைகளிற் பாதியை அடைத்து, தணலுக்கும் இறைச்சிக்கும் இடையே ஒரு தகரத்தை வைத்திருந்தார். ஆறு மணி நேரம் மழையும் புகையுமாகக் கழிந்தது. மாலையில் தாயார் ஒரு கண்டத்தை நறுக்கிப் பொரித்து, நெடுநேரம் மென்றார்.

“உப்பு ஒரு கல்லு கூட.”

பின்னர் உள்ளே சென்று, பரணிலிருந்த கொறுக்காய்ச் சுளகை இறக்கிவந்து, மகன் கையிற் கொடுத்தார்.