கடவை திறக்கும் வரை

எட்டு வருடங்களாக நான் கிளிநொச்சியில் ஓட்டோ ஓட்டுகிறேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதன்பின் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள். வழியில் வரும் தாமதங்களை நீங்களும் அறிவீர்கள். புகையிரதக் கடவை பூட்டிக் கிடக்கும். நடு வீதியில் மாடுகள் படுத்து அசைபோடும். மாரி மழைக்கு ஒழுங்கை குளமாகி, சுற்றிப் போகவேண்டி வரும். பின்னால் நிற்பவர் ஹோர்ண் அடித்து, "பொம்பிளையள் ஓடினால் இப்பிடித்தான்" என்பார். மாடு எழும்பாததற்கும் நான்தான் காரணமாக்கும்!

ஏ9 வீதியை அண்டியே தண்டவாளம் போவதால் கடவையில் நிற்பது எனக்கு அன்றாட வேலை. பின்னால் இருக்கும் பிள்ளைகள் ரயில் பெட்டிகளை எண்ணுவார்கள். அவர்களுக்கு இந்தத் தண்டவாளத்தின் கதை தெரியாது. 1990 இல் யாழ்தேவி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டு, பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. 2013 செப்டெம்பரில்தான் ரயில் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ஓடியது.

எங்களுக்குக் காத்திருப்பு பழகியது வேறு விதமாக. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டியபடி வெயிலில் நின்றோம். எந்தப் பக்கத்தாரின் சாவடியானாலும் வயிற்றைக் கலக்கும். பெயரைக் கூப்பிட்டால் பயம், கூப்பிடாவிட்டாலும் பயம். 2006 ஓகஸ்ட் 11 இல் அந்தப் பாதையும் பூட்டப்பட, தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கமாக எத்தனை குடும்பங்கள் அகப்பட்டுக்கொண்டன.

அப்படியெல்லாம் நின்ற எனக்கு, ரயில் போனதும் திறந்துவிடும் என்று தெரிந்த ஒரு கேற்றுக்கு முன்னால் சில நிமிடங்கள் நிற்பது ஆறுதலாகவே இருக்கிறது. எஞ்சினை நிற்பாட்டிவிடுவேன். 2022 இல் ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று கியூஆர் பார்த்து அளந்து தந்த நாட்களில் வந்த பழக்கம் அது. அந்த அமைதியில் ஆண்டவருக்கு நன்றி சொல்வேன். பயமில்லாமல் நிற்கிறேன் என்பதற்காக, பின்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காக. நீண்ட ஜெபம் சரிவராது. அதற்குள் இரண்டு பேர் தண்ணீர்ப் போத்தலுக்குச் சண்டை பிடிப்பார்கள்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 8 ஆம் அதிகாரத்தில் யவீருவின் கதை வருகிறது. பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். தகப்பன் இயேசுவை அவசரமாக அழைத்துப் போகிறான். வழியில், பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கினால் வருந்திய ஒரு பெண் அவருடைய உடையைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். தொட்டவர் யார் என்று கேட்டு, அவள் தன் கதையைச் சொல்லி முடிக்குமட்டும் நிற்கிறார். யவீருவுக்கு அது தாமதம். அவளுக்கோ, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒருவர் ஒதுக்கிய நேரம். பொல்லூன்றிய ஒரு ஆச்சி ஆறுதலாக வீதியைக் கடக்கும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். ஹோர்ணில் கை போகாது.

ஆனால் யவீருவின் மகள் எழுந்தாள். எங்களில் பலருடைய பிள்ளைகள் எழும்பவில்லை. ஆகவே, பொறுத்தால் எல்லாம் கிடைக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ரயிலுக்கும் மாட்டுக்கும் மழைக்கும் பொறுமை வேண்டும். நீதியை இழுத்தடிப்பவர்களுக்கும் அதே பொறுமையைக் காட்டு என்று பெண்களுக்குப் புத்தி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் ஓட்டோவில் அடிக்கடி வரும் பெரியம்மா ஒருவர் 2009 மே மாதத்தில் மகனைக் கையளித்தவர். 2017 பெப்ரவரி 20 இல் கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அங்கே போய் இருந்தவர். ஒருநாள் கடவையில் என் உதடு அசைவதைக் கண்டுவிட்டா.

"நன்றி சொல்ல உனக்கு இருக்குப் பிள்ளை. என்னை எல்லாரும் பொறு பொறு எண்டினம். எவ்வளவுக்கெண்டு பொறுக்கிறது?"

அவ சைவம். என்றாலும் லூக்கா 18 ஆம் அதிகாரத்தில் வரும் விதவையின் கதையைச் சொன்னேன். கடவுளுக்கும் பயப்படாத ஒரு நீதிபதியிடம் நியாயம் கேட்டு ஓயாமல் போனவள் அவள். இயேசு அவளை அடங்கியிருக்கச் சொல்லவில்லை. சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு அவளைத்தான் உதாரணம் காட்டினார்.

"அந்த மனிசிக்குக் கடைசியில நியாயம் கிடைச்சுதோ?"

"ஓம் பெரியம்மா, கிடைச்சது."

"எத்தினை வருசத்தால?"

வேதாகமத்தில் அந்தக் கணக்கு இல்லை. அதைத்தான் சொன்னேன். ரயில் போய் கேற் உயர்ந்தது. அவ மகனின் படம் வைத்திருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

"ஓடு பிள்ளை. கந்தோரில நம்பர் குடுத்து முடிஞ்சிடும்."