தண்ணீருக்குள் இருக்கும் தெல்தெனிய

உங்கள் வீட்டில் இருக்கும் வயது போன உம்மாவையும் வாப்பாவையும் நீங்கள் எங்கெல்லாம் பயணம் அழைத்துப் போகிறீர்கள்? டொக்டரிடம், கலியாண வீட்டுக்கு, ஜனாஸா வீட்டுக்கு. அநேகமாக அவ்வளவுதான். இவை அல்லாத ஒரு பயணத்தைப் பற்றி இம்முறை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பாதையில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்தில் தெல்தெனிய இருக்கிறது. போக வர ஒரு பகல் போதும்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் நீங்கள் காண்பது புதிய தெல்தெனிய. பழையது நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. நக்கிள்ஸ் மலையில் பிறந்து வரும் ஹுலு கங்கையின் பக்கத்தில், கடைத்தெருவும் வீடுகளும் வயல்களுமாக இருந்த சிறு பட்டினம் அது. துரித மகாவலித் திட்டத்தில் விக்டோரியா அணையைக் கட்டியபோது அந்தப் பள்ளத்தாக்கு நீரில் போயிற்று. அணை 122 மீற்றர் உயரம், 520 மீற்றர் நீளம். இலங்கையில் இதைவிட உயரமான அணை கிடையாது. மின் நிலையத்தின் அளவு 210 மெகாவாட். பிரித்தானிய உதவியோடு கட்டப்பட்டதால், 1985 ஏப்ரல் 12ஆம் திகதி ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன அதைத் திறந்து வைத்தபோது பிரதமர் மார்கரட் தட்சரும் வந்திருந்தார். நாட்டுக்கு வெளிச்சம் வந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. அதற்காக இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 30,000 பேர். பெரும்பாலானோர் சிங்களவர்கள், முஸ்லிம்களும் தமிழர்களும் அவர்களோடு இருந்தார்கள். பலர் கிராந்துருகோட்டைப் பக்கம் மகாவலி ‘சி’ வலயத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மலைக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெயில் நாடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்றைக்கு இருபது வயதில் இருந்த குமர்ப்பிள்ளை இன்று அறுபதைத் தாண்டிய உம்மும்மா. இன்னும் பத்துப் பதினைந்து வருடங்கள் கழித்து, பழைய தெருவில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

மேல்நாட்டில் முதியவர்களுக்கென்றே படிப்பு வட்டங்கள் உண்டு. 1973இல் பிரான்ஸின் துலூஸ் நகரில் தொடங்கிய ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ 1980களில் பிரித்தானியாவிலும் பரவியது. அங்கே பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் தாங்களாகவே கூடித் தங்கள் ஊர்ச் சரித்திரத்தைப் பேசுகிறார்கள். பிறகு அந்த இடத்துக்கே பயணம் போய்ப் பார்க்கிறார்கள். நமக்கும் இது முடியாத காரியமல்ல. நாலைந்து குடும்பம் சேர்ந்தால் ஒரு வேன் பிடிக்கலாம். நாங்களும் அப்படித்தான் ஒரு வரட்சிக் காலத்தில் சில மூத்தவர்களோடு போனோம்.

போகும் வழியிலேயே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். முதலில் வருவது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னனின் மாளிகை இருந்த இடம். அவனுக்குப் பிறகுதான் நாயக்கர் வம்சத்தார் சிம்மாசனம் ஏறினார்கள். இந்தத் தும்பறைப் பிரதேசத்தின் பாய் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கக்கூடும். ஹண நாரில் சாயம் ஏற்றி நெய்யும் அந்தக் கைத்தொழிலை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அடுத்து தவளம். வண்டிப் பாதை போடுமுன்பு பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் சீலையும் மலைக்கு ஏற்றி, பாக்கும் மிளகும் இறக்கியவர்களில் நம் முன்னோர் முக்கியமானவர்கள். மன்னர் காலத்தில் ‘மடிகே’ என்ற இந்தப் போக்குவரத்துப் பகுதி பெரிதும் முஸ்லிம்களின் கையில் இருந்தது. 1626இல் போர்த்துக்கேயர் விரட்டியபோது செனரத் மன்னன் முஸ்லிம்களைத் தன் இராச்சியத்தில் ஏற்றுக் குடியமர்த்தினான். பேராசிரியை லோனா தேவராஜா 1994இல் வெளியான தமது நூலில் இவற்றையெல்லாம் விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சிங்களப் பெண்மணி நம் சரித்திரத்தை இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்க, அதை வாசித்த நம்மவர்கள் எத்தனை பேர்?

தெல்தெனியவில் நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் போனால் அழகான ஏரி ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம், வேறொன்றும் தெரியாது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போதுதான் வெடித்த சேற்றுக்கு நடுவே பழைய ஊரின் அத்திவாரங்களும் சுவர்த் துண்டுகளும் தலைகாட்டும். மஸ்கெலியாவிலும் இப்படித்தான், 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வரட்சி நாட்களில் எழுந்து நிற்கும்.

எங்களோடு வந்த ஆண்கள் கரையில் நின்று கடைகளின் வரிசையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கடை முதலா, பலசரக்குக்கடை முதலா என்பதில் கடைசிவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒரு மூதாட்டி மட்டும் பேசாமல் நின்றார். பிறகு கைத்தடியால் மண்ணில் கோடு கீறி, தெரு திரும்பும் இடத்தைக் காட்டினார். அங்கிருந்து கிணற்றடிக்கு இத்தனை எட்டு. கிணற்றை எந்தெந்த வீட்டார் பாவித்தார்கள். நோன்பு காலத்தில் அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்ணுக்குக் கஞ்சி போனதும், சித்திரைப் புதுவருடத்தில் அவர் வீட்டிலிருந்து கொக்கிஸும் கெவுமும் வந்ததும் எந்த வேலியின் கடவையால் என்பது வரை சொன்னார். கடைக்காரர்களின் வாதம் அத்தோடு நின்றது. ஊரின் வரைபடம் பெண்களின் நினைவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தண்ணீர் சுமந்தவர்களுக்குத்தான் தூரம் தெரியும்!

அறபு மத்ரஸாவில் ஓதிய எங்களுக்கு ஸனது என்பது பெரிய விடயம். ஒரு செய்தியை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலி இல்லாமல் ஏற்கமாட்டோம். ஊர்ச் சரித்திரத்துக்கும் அதே ஒழுங்கைப் பிடியுங்கள். உம்மும்மா சொல்வதைப் போனில் பதிவு செய்யும்போது, அவர் கண்ணால் கண்டதா, தன் தாயிடம் கேட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டு, கொப்பியில் பெயரோடும் திகதியோடும் எழுதி வையுங்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும். “அந்தக் காலம் எப்படி?” என்று கேட்டால் “நல்ல காலம்” என்பார், அத்தோடு முடிந்துவிடும். “விறகு எங்கே பொறுக்கினீர்கள்?” என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் பேசுவார்.

தெல்தெனிய, திகன என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது 2018தான். அவ்வருடம் பெப்ரவரியில் தெல்தெனியவில் ஏற்பட்ட ஒரு வாகனத் தகராறில் முஸ்லிம் இளைஞர் சிலர் சிங்கள லொறிச் சாரதி ஒருவரைத் தாக்க, அவர் மார்ச் ஆரம்பத்தில் உயிரிழந்தார். அதையடுத்துக் கிளப்பிவிடப்பட்ட கலவரத்தில் திகனயிலும் கண்டி மாவட்டத்தின் வேறு ஊர்களிலும் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மௌத்தானார். மார்ச் 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இதை மூத்தவர்களிடம் மறைக்கவும் வேண்டாம், பேசாமல் விடவும் வேண்டாம். எங்கள் வேனிலும் அந்தப் பேச்சு வந்தது. சிறிது நேரம் கனத்த மௌனம். கூட வந்த பேரப்பிள்ளை ஒருத்தி, கஞ்சி கொண்டுபோன அந்த வீட்டார் இப்போது எங்கே என்று கேட்டாள். ‘சி’ வலயத்துக்குப் போனவர்கள் என்பது மட்டும்தான் மூதாட்டிக்குத் தெரிந்திருந்தது. முழுப் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். தேடிப் பார்க்க வேண்டும்.

நேரம் இருந்தால் அதே பாதையில் இன்னும் சற்று மேலே மெதமஹாநுவரவுக்கும் போங்கள். 1815 பெப்ரவரி 18ஆம் திகதி கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டது அந்தப் பகுதியில்தான். அங்கிருந்து கொழும்புக்கும் பிறகு வேலூருக்கும் கொண்டுபோகப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான்.

லுஹர் தொழுகைக்குத் தெல்தெனியவிலேயே நின்றுகொள்வது நல்லது. சேற்றுக்குள் முதியவர்களை இறக்க வேண்டாம். காய்ந்ததுபோல் தெரியும், கால் புதையும். இரண்டு பிளாஸ்டிக் கதிரை, சுடுநீர்ப் போத்தல், அவரவர் மருந்து, ஒரு குடை இவற்றை மறக்காதீர்கள். ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் மஹியங்கனைக்கு இறங்கும் ‘பதினெட்டு வளைவு’ வரை போவோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மூட்டு நோயும் தலைச்சுற்றும் உள்ளவர்களோடு அது வேண்டாம்; மெதமஹாநுவரவிலேயே திரும்பிவிடுங்கள்.