பெரம்பூரில் பிறந்து, ஜனக்பூரில் வாழ்க்கைப்பட்டவள்

நேபாளம் என்றால் நமக்கு எவரெஸ்ட், கூர்க்கா, பசுபதிநாதர். நான்காவதாக ரயில் என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "மலைக்கு ரயிலா? விஞ்ச்சா?" என்று நண்பர் ஒருவர் கேட்டே விட்டார். அவருக்குப் பழநி ஞாபகம்.

ஸார், நேபாளத்தின் தெற்கு ஓரத்தில் மலையே கிடையாது. தராய் என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரி பாய் விரித்த சமவெளி. நெல், குளம், மீன், எருமை. எருமைகூட நம்மூர் ஜாடையில்தான் ரோட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறது. இங்கேதான் ஜனக்பூர் இருக்கிறது. ஜனக மகாராஜாவின் ஊர், சீதையின் பிறந்த வீடு.

இந்த ஊருக்கு 1937-லேயே ரயில் வந்தாச்சு. பீகாரின் மதுபனி ஜில்லாவில் உள்ள ஜெய்நகரிலிருந்து பார்டரைத் தாண்டிப் போகும் குட்டி ரயில். இரண்டரை அடி அகலத் தண்டவாளம். அப்போது நேபாளத்தை ஆண்ட ராணாக்கள் சீதா தேவியின் மேல் உள்ள பக்தியில் போடவில்லை. காட்டு மரத்தை வெட்டி இந்தியாவுக்கு அனுப்பப் போட்டார்கள். மரம் தீர்ந்தது. கட்டை இருந்த இடத்தில் ஜனங்கள் ஏறிக்கொண்டார்கள். உள்ளே பாதி, கூரையில் பாதி. 2014-ல் "அகலப்பாதை ஆக்கப் போகிறோம்" என்று நிறுத்தினார்கள். கேஜ் கன்வர்ஷன் என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்கள் நம்மூரிலும் உண்டு. அங்கே எட்டு வருஷம் ஆயிற்று. 2022 ஏப்ரல் 2-ந் தேதி டெல்லியில் இருந்தபடியே மோடியும் நேபாளப் பிரதமர் தேவுபாவும் கொடியசைக்க, ஜெய்நகரிலிருந்து ஜனக்பூரைத் தாண்டி குர்தா என்ற ஊர் வரை 35 கிலோமீட்டருக்குப் புது ரயில் கிளம்பியது. பாதை போட்டது இந்தியப் பணம்.

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். ரயில் நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்தது, ஸார்! டீசலில் ஓடும் இரண்டு டெமு ரயில்கள். கொங்கன் ரயில்வே மூலமாக சுமார் 52 கோடி ரூபாய் கொடுத்து நேபாளம் வாங்கியது. 2020 செப்டம்பரில் போய் இறங்கியபோது கொரோனாவையும் மறந்து ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. அப்புறம்தான் கவனித்தார்கள்: ஓட்ட ஆள் இல்லை, ரயிலுக்கென்று சரியான சட்டம் இல்லை. இரண்டு ரயிலையும் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவிட்டார்கள். நடுவில் ஓர் ஒத்திகை ஓட்டம் தவிர ஒன்றரை வருஷம் அப்படியே. நான் பி.காம். படித்தவன். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஒரு சந்தேகம் தூங்கவிடவில்லை. ஒன்றரை வருஷம் நகராமல் நிற்கும் ரயில் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா? தேய்மானம் எதில் போடுவது? சக்கரம் தேயவில்லையே!

சரி, நம்ம பொண்ணு போன இடத்தில் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டே வரலாம் என்று 2022 நவம்பரில் கிளம்பினேன். பெரம்பூரில் பாக்மதி எக்ஸ்பிரஸ், பிரேக் வேனில் சைக்கிள். இரண்டு ராத்திரி கழித்து தர்பங்காவில் இறக்கி, ஹேண்டில்பாரை நேராக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு மிதிக்க ஆரம்பித்தேன். ஏன் சைக்கிள் என்றால், சமவெளி. வயிறும் கொஞ்சம் குறையட்டும் என்று. வழியெல்லாம் அறுப்பு. குளங்களில் மக்கானா என்கிற தாமரை விதை மாதிரியான சமாசாரம் விளைகிறது. பொரித்துக் கொடுக்கிறார்கள். நம்மூர்ப் பொரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், விலையில் மட்டும் பெரியப்பா.

ஜெய்நகர் ஸ்டேஷன் ஒரு தினுசு. நம்ம ரயில்வே ஸ்டேஷனை ஒட்டினாற்போலவே நேபாள ரயிலுக்குத் தனி ஸ்டேஷன், புதுக் கட்டடம். இந்த மண்ணில் நின்றுகொண்டே அந்த நாட்டு ரயிலைப் பிடிக்கலாம். அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் போனால் பார்டர்.

போர்டைப் படித்தேன். டிக்கெட்டுக்கு அடையாள அட்டை வேண்டும். பாஸ்போர்ட், இல்லை வோட்டர் ஐ.டி., இல்லை சர்க்கார் உத்தியோக கார்டு. இந்தியர், நேபாளி தவிர வேறு நாட்டவருக்கு இந்த ரயிலில் இடமில்லை. நாம் சிம் கார்டிலிருந்து காஸ் சிலிண்டர் வரை எதற்கும் நீட்டும் ஆதார், நேபாளப் பயணத்துக்கு (பதினைந்துக்குக் கீழே, அறுபத்தைந்துக்கு மேலே உள்ளவர்களை விட்டால்) செல்லாது. ஆதாரத்தையே கழற்றி வைத்தால் மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

டிக்கெட் வாங்காமல் டீக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். பக்கத்தில் பத்து வயசுப் பேரன், நடுவில் ஒரு பெரிய மூட்டை. என் ஹிந்தி பிராத்மிக் பரீட்சையோடு நின்றுபோன ஹிந்தி. அந்த அம்மாள் பேசியதோ மைதிலி. பையன்தான் ஸ்கூல் ஹிந்தியில் மொழிபெயர்த்தான், நடுநடுவே என் ஹிந்தியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு.

பெண்ணை ஜனக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறாளாம். இது அங்கே அதிசயமே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பாஷை, ஒரே சாப்பாடு, ஒரே ஜாதகம் பார்க்கும் கூட்டம். 'ரோட்டி-பேட்டி' உறவு என்பார்கள். சோறும் பெண்ணும் கொடுத்து வாங்குவது. பார்டர் என்று ஒன்று இருப்பது இவர்களுக்குத் தெரியும், மாவட்ட எல்லை தெரிகிற மாதிரி. 1950 ஒப்பந்தத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட், விசா எதுவும் கிடையாது. 1,700 கிலோமீட்டருக்கு மேல் திறந்த வீடு.

பெண்ணுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். மூட்டையில் அவல், லட்டு, பழைய சேலையில் தைத்த குழந்தைத் துணி. அது தவிர முந்தானையில் தனியாக ஒரு சின்ன முடிச்சு.

"அது என்ன?" என்றேன்.

"அது பாட்டிக்கு" என்றான் பையன். "பொண்ணு கொடுத்த வீட்ல பாட்டி சாப்பிட மாட்டா. தண்ணிகூடக் குடிக்க மாட்டா."

அங்கே பழைய காலத்துப் பழக்கம் அது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை. அதனால் பழைய குட்டி ரயில் இருந்தபோது, காலையில் ஏறிப் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவாளாம். பெண்ணுக்குக் கல்யாணம் 2012-ல். இரண்டு வருஷத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ரோடு, மழைக்காலத்தில் அதுவும் இல்லை. எட்டு வருஷத்தில் எத்தனை தடவை போனாள் என்று விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதுமானதாக இருந்தது.

"இப்பத்தான் ரயில் வந்தாச்சே, மாஜி?"

"வந்துடுச்சு பௌஆ" என்றாள். பௌஆ என்றால் தம்பி, கண்ணு, ராஜா எல்லாம் சேர்ந்தது. முப்பது தாண்டி முன் தலை ஏறிய என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டு வெகு நாளாயிற்று. "வோட்டர் கார்டை மூத்தவன் ஏதோ ஆபீஸ் வேலைன்னு எடுத்துட்டுப் போயிட்டான். அவன் பஞ்சாப்ல இருக்கான். கார்டும் பஞ்சாப்ல இருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கவுண்ட்டரில் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். நடந்து பார்டர் தாண்டி, அந்தப் பக்கம் ஆட்டோ. அவளுக்கு அந்த வழி புதிதில்லை. மூட்டையை என் காரியரில் வைக்கச் சொன்னேன். யோசித்துவிட்டு வைத்தாள். முடிச்சை மட்டும் தரவில்லை.

ஆக, என் முதல் வெளிநாட்டுப் பயணம் இப்படி நடந்தது: நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காரியரில் அவல் மூட்டை, இடது பக்கம் பாட்டி, வலது பக்கம் பேரன். மோட்டார் பைக்காரர்கள் சுங்கச் சீட்டுக்கு நிற்க வேண்டும். சைக்கிளுக்கு அதுவும் இல்லை. நம்ம பக்கம் சீமா பல் ஜவான் மூட்டையை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பக்கம் நேபாள போலீஸ்காரர் என் கியரை எண்ணிப் பார்த்தார். பெயர்கூட யாரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட், வோட்டர் கார்டு, இரண்டு போட்டோ என்று பைல் போட்டுக் கொண்டுபோன எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பத்தடி தள்ளித் தண்டவாளம். அதன் மேல் போனால் கார்டு வேண்டும், பக்கத்தில் நடந்தால் வேண்டாம். ரயிலில் கூட்டமாகப் போகிறவர்களைக் கணக்கு வைக்க வேண்டும், பாதுகாப்பு, கடத்தல்... காரணங்கள் எனக்கும் புரியாமலில்லை. ஆனால் ஜன்னல் கம்பியில் சைக்கிளை மாட்டிக்கொண்டு கூரை மேல் போன ஜனங்களிடம், நீ யார் என்று முதல் தடவையாகக் கேட்டது இந்தப் புது ஸ்டேஷன்தான்.

ஆட்டோவில் ஏறும்போது பாட்டி என் கையில் ஒரு லட்டு வைத்தாள். பத்து ரூபாய் கொடுக்கப் போனேன். பேரன் மறுபடி சிரித்தான்.

அப்புறம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாக மிதித்தேன். இனர்வா, கஜூரி, பைதேஹி என்று வரிசையாக ஸ்டேஷன்கள். பைதேஹி என்றால் வைதேகி. ஸ்டேஷனுக்கு சீதை பெயர்! ஜனக்பூரில் ஜானகி மந்திர் பார்த்தேன். தென்னிந்தியக் கோவில் என்று நினைத்துப் போகாதீர்கள். அரண்மனை மாதிரி வெள்ளை வெளேரென்று மாடமும் குவிமாடமுமாக இருக்கும். திகம்கர் ராணி கட்டிக் கொடுத்தது. ஒன்பது லட்சம் ஆனதாம், அதனால் நௌலக்கா மந்திர் என்றும் பெயர். பார்டர் தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போனவர்களில் முதல் பெண்மணி சீதைதான். அவள் போன வீட்டில் பட்ட பாட்டை இங்கே யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

இங்கே இன்னொரு வேடிக்கை. பார்டர் தாண்டியதும் கடிகாரம் பதினைந்து நிமிஷம் முன்னால் ஓடிவிடுகிறது. அது பரவாயில்லை. கடைக் காலண்டரில் வருஷம் 2079! விக்ரம சம்வத் கணக்கு, நமக்கு 57 வருஷம் முன்னால். எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் முதிர்ந்து, போனஸோடு கைக்கு வந்திருக்க வேண்டும்.

குர்தா ஸ்டேஷன் ஜனக்பூருக்கு அந்தாண்டை. 2023-ல் பாதை பிஜல்புரா பக்கமாக இன்னும் 17 கிலோமீட்டர் நீண்டுவிட்டது. நான் போனபோது குர்தாதான் கடைசி. சுற்றிலும் வயல். நடுவே அகலமான பிளாட்பாரம், புது பெயின்ட். பிளாட்பாரத்தின் சைஸுக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை. எட்டு வயசுப் பையனுக்கு வளர்கிற பிள்ளை என்று தைத்த சட்டை மாதிரி இருந்தது. ஒரு நாளைக்கு வந்து போகிற வண்டிகளும் கம்மி. நான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, எதிரே தட்டி போட்ட டீக்கடையில் உட்கார்ந்தேன்.

வந்தாள். தார்ப்பாய் போர்த்திப் படுத்துக்கிடந்தவளா இவள்! ஹாரன் அடித்துக்கொண்டு நிதானமாக உள்ளே வந்து நின்றாள். ஏ.ஸி. பெட்டியும் உண்டு. மணப்பெண் மாதிரி ஒரு புதுப்பெண், கைக்குழந்தைகள், மூட்டைகள், கல்லூரிப் பையன்கள் இறங்கினார்கள். பெட்டியின் ஓரத்தில் போய்த் தேடினேன். ஐ.சி.எஃப்., சென்னை. யாரும் பார்க்காத சமயத்தில் ஒரு தட்டு தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்ன பாபு, ரயிலைத் தடவறீங்க?"

என் பிராத்மிக் ஹிந்தியில் முழுக்கதையும் சொன்னேன். இந்த ரயில் எங்க ஊரில் பிறந்தது, பெரம்பூர், மதராஸ். நான் பார்த்துவிட்டுப் போக வந்தேன். நல்லா வெச்சிருக்கீங்களா?

அவர் கடையில் இருந்த நாலு பேரிடமும் அதை மைதிலியில் சொன்னார். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து, பெஞ்ச்சில் எனக்கு இடம் விட்டார்.

"அப்படின்னா நீங்க பொண்ணு வீட்டுக்காரர்!"

"ஆமாம்" என்றேன், பெருமையாக. "இன்னொரு டீ குடுங்க."

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வேற யாராவதா இருந்தா காசு வாங்க மாட்டேன் பாபு. நீங்க பொண்ணு கொடுத்தவர். எங்க வீட்ல சும்மா குடிச்சா உங்களுக்குப் பாவம் வந்துடும். இந்தியப் பணமானா இருபது ரூபாய் எடுங்க. மீதி நேபாளில தர்றேன்."

நூறுக்கு நூற்றறுபது என்று மனசில் கணக்குப் போட்டு, மீதியை எண்ணி வாங்கிக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது.