சிரட்டை கொடுத்த அண்ணனுக்கு



தேவிபட்டினத்துக்குத் தெற்கே, கோயில் விளக்கு எட்டாத கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த உங்களுக்கு இந்தக் கடிதம். பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. நேரில் நன்றி சொன்னால் "அட விடுங்க தம்பி" என்று பேச்சை வலைப் பக்கம் திருப்பிவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

ஒன்பது கோள்களும் கல்லாகக் கடலுக்குள் நிற்கிற ஊர் அது. அங்கே வந்து, தண்ணீரில் விழும் நட்சத்திரத்தைப் படம் எடுக்கணும் என்று சொன்ன என்னை நீங்கள் ஒரு தினுசாகப் பார்த்தீர்கள். ஆனாலும் மறுக்கவில்லை. முதல் ராத்திரி நாட்டுப்படகில் ஏற்றி உள்ளே கூட்டிப்போனீர்கள். கரையை விட்டு விலகினால் இருட்டு கிடைக்கும் என்பது என் கணக்கு. இருட்டு கிடைத்தது. படம்தான் கிடைக்கவில்லை. முக்காலியைப் படகின் பலகையில் நிறுத்தி 20 நொடி கேமராவைத் திறந்து வைத்தேன். திரையை எட்டிப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது: "என்ன தம்பி, வெள்ளியெல்லாம் புழு மாதிரி நெளியுது?"

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. என்னிடமிருந்த 14 மில்லிமீட்டர் அகல லென்ஸில் 20, 25 நொடியைத் தாண்டினாலே நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடாக இழுபடும். நிலத்தில் நின்றாலே இந்தப் பாடு. ஆடும் படகில் என்ன வரும்? இதைப் புத்தகத்தில் படித்திருந்தும் படகில் ஏறியவன் நான். அன்றைக்கு டீசல் காசுகூட வாங்கவில்லை நீங்கள்.

இரண்டாம் ராத்திரி கொண்டல் காற்று அடித்தது. கடல் முழுக்கச் சுருக்கம். "இன்னைக்கு வேணாம், போய்ப் படுங்க" என்றீர்கள். படுத்தேன்.

மூன்றாம் ராத்திரிதான் அமாவாசை. காற்று திரும்பியிருந்தது. "கச்சான் கரையிலேர்ந்து வருது. கரையோரத் தண்ணி அசையாது. நீவாடு, அதான் நீரோட்டம், அடங்கட்டும்" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தென்கிழக்கே கேட்டை சிவப்பாக எழும்பியாயிற்று. அதன் பின்னால் தேளின் வாலும் பால்வீதியின் அடர்ந்த பகுதியும் ஏறிக்கொண்டிருந்தன. அவை தாழ்வாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால், விழுகிற ஒளியில் 2 சதவீதத்தைத்தான் அது திருப்பித் தரும். சாய்வாக, மட்டத்தை ஒட்டிப் பார்க்கப் பார்க்கத்தான் கண்ணாடியாகும். தலைக்கு மேல் இருக்கிற நட்சத்திரத்தின் நிழல் படத்தில் விழாது. அடிவானத்தை ஒட்டியவைதான் விழும்.

பத்து மணி சுமாருக்கு எழுந்தீர்கள். "படகு வேணாம். முழங்கால் தண்ணிதான், நடந்தே போவோம். காலைத் தூக்கி வைக்காதீங்க, தேச்சுத் தேச்சு நடங்க. திருக்கை கெடக்கும், மிதிச்சா முள்ளால அடிச்சிரும்." அப்படியே தேய்த்து நடந்தோம். ஆழமில்லாத கடல், வெகுதூரம் போயும் முழங்காலைத் தாண்டவில்லை. ஆனால் முக்காலியை ஊன்றினால் சேற்றில் இறங்குகிறது. ஒரு கால் நாலு விரல், இன்னொன்று ஆறு விரல். நான் விழித்துக்கொண்டு நிற்க, நீங்கள் மடியிலிருந்து மூன்று சிரட்டைகளை எடுத்தீர்கள். குழிந்த பக்கம் மேலாகச் சேற்றில் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து அமுக்கினீர்கள். முக்காலி அசையவில்லை. புறப்படும்போதே மடியில் கட்டி வந்திருக்கிறீர்கள். முதல் நாளே என் முக்காலியைப் பார்த்து யோசித்து வைத்ததா? கேட்டதற்குப் பதில் இல்லை.

கலங்கிய தண்ணீர் தெளியும்வரை சிலை மாதிரி நின்றோம். கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இறக்கினேன். இருட்டில் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். வடகிழக்கில் அபிஜித் இருந்தது, அதைப் பிடித்தேன். அப்போதுதான் செட்டியைக் கெடுத்த வெள்ளியின் கதையைச் சொன்னீர்கள். நடுச்சாமத்தில் எழும்பியதை விடிவெள்ளி என்று நம்பி வண்டி பூட்டிக் கிளம்பிய வியாபாரி, வழியில் கள்ளரிடம் பறிகொடுத்த கதை. அந்த வெள்ளி இதுதானா என்று கேட்டேன். "படத்த எடுங்க தம்பி" என்றீர்கள்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு போகாது. அந்த விளக்கு வரிசை இல்லாததால் கீழ்வானம் கன்னங்கரேல். மிச்சமிருந்தது கரையில் ஒரே ஒரு பல்பு, உங்கள் வீட்டு வாசலில். ஒரு குரல் கொடுத்தீர்கள், அணைந்தது. திரும்பி வந்தபோது மதினி இருட்டிலேயே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம்! எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள்.

அந்தப் படம் இப்போது பலர் கண்ணில் பட்டுவிட்டது. என்ன கேமரா, என்ன லென்ஸ் என்று கேட்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 3200, துளை 2.8 என்று நானும் ஒப்பிக்கிறேன். யாரோடு போனாய் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. மேல்பாதியைத் தலைகீழாக ஒட்டியதுதானே என்றும் ஒருவர் சொன்னார். அப்படி ஒட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் மரியாதை இல்லை. ஒட்டியிருந்தால் கீழே உள்ள கேட்டையும் புள்ளியாக இருந்திருக்கும். என் படத்தில் அது செந்நூல் மாதிரி இரண்டு விரற்கடை நீண்டு கிடக்கிறது. என்னதான் அடங்கினாலும் கடல் லேசாக மூச்சு விடத்தான் செய்தது.

பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும் என்று பித்தளை ஆணி போடச் சொன்னேன். தை அமாவாசைக்குக் கூட்டமாக இருக்கும், அதனால் மாசி அமாவாசைக்கு வருகிறேன். மதினியிடம் சொல்லிவிடுங்கள், வாசல் விளக்கை அணைக்க வேண்டாம். இந்த முறை படம் எடுக்க வரவில்லை.

சிரட்டை மூன்றும் கேமராப் பையில்தான் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் சின்னக் கீறல்.

இப்படிக்கு,
தம்பி