ஐ.டி.ஐ. சான்றிதழ்: ஒரு பற்று வரவுக் கணக்கு

"ஃபீஸே இல்லை, அப்புறம் என்ன யோசனை? சேர்த்து விட வேண்டியதுதானே!"

அரசு ஐ.டி.ஐ. பற்றிப் பேச்சு வந்தால் பலரும் சொல்வது இதுதான். பொய்யில்லை. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் இன்னொரு 1,000 ரூபாய். பெண்களுக்கு 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம்.

ஆனால் காமர்ஸ் வகுப்பில் சொல்லித் தரும் ஒரு விஷயம் இங்கே இடிக்கிறது. வாய்ப்புச் செலவு! கையை விட்டுப் போகும் பணம் மட்டும் செலவு இல்லை, கைக்கு வராமல் போகும் பணமும் செலவுதான்.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு பையன். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரு லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தான். வயது பதினெட்டு. தினக்கூலி 400 ரூபாய். அவனுக்கு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்க ஆசை. பட்டறை முதலாளியோ, "இங்கயே இரு தம்பி, மூணு வருசத்துல மெசின் புடிக்க வெச்சர்றேன்" என்கிறார். அம்மாவுக்கு மகளிர் குழுக் கடன் தவணை. "ரெண்டு வருசம் சம்பளமில்லாம எப்படிக் கண்ணு சமாளிக்கறது?" என்று அவர் கேட்பதில் என்ன தப்பு?

சரி, கணக்குக்கு வரலாம்.

மாதம் 24 நாள் வேலை என்றால் 9,600 ரூபாய். ஃபிட்டர் படிப்பு இரண்டு வருடம். ஆக, வராமல் போகும் கூலி 2,30,400. உதவித்தொகை இரண்டும் சேர்த்து மாதம் 1,750, இரண்டு வருடத்துக்கு 42,000. கழித்தால் 1,88,400 ரூபாய். "இலவசப் படிப்பின்" உண்மையான விலை இது!

இதோடு முடியவில்லை. படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ் போனால்தான் நல்ல கம்பெனிகளில் மதிப்பு. 2019-இல் திருத்திய விதிகளில் ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய். கூடுதலாகத் தரும் கம்பெனிகளும் உண்டு. குறைந்தபட்சத்தையே வைத்துக்கொண்டால், ஹெல்பர் கூலியை விட மாதம் 2,600 குறைவு. வருடத்துக்கு 31,200. மொத்தம் 2,19,600 ரூபாய்.

இந்தப் பணம் எப்போது திரும்பும்? மூன்று வருடம் கழித்து, பட்டறையிலேயே இருந்திருந்தால் வாங்கியிருக்கும் சம்பளத்தை விட மாதம் 4,000 கூடுதலாக வந்தால், 55 மாதத்தில் திரும்பிவிடும். 2,000 தான் கூடுதல் என்றால் ஒன்பது வருடத்துக்கு மேல். ஒன்றுமே கூடவில்லை என்றால் எப்போதும் திரும்பாது. பட்டறையில் இருப்பவனும் சும்மா இருக்கப் போவதில்லையே, அவனும் தொழில் கற்றுக்கொண்டுதான் இருப்பான்.

அப்படியானால் ஐ.டி.ஐ. வேண்டாமா? அதுவும் இல்லை. சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சின்னப் பட்டறையில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஒரு வெர்னியரைக் கையில் கொடுத்து "அளந்து சொல்லு" என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ரயில்வேயில் உதவி லோகோ பைலட் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. கேட்பார்கள் (டிப்ளமோ, இன்ஜினியரிங் படித்தவர்களும் எழுதலாம்). பத்து வருடம் லேத் ஓட்டிய அனுபவம் அந்த இடத்தில் செல்லாது. பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரவும் ஐ.டி.ஐ. வழி விடும். டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் ஆண்டு. இந்தக் கதவுகளைத் தட்டும் எண்ணம் இருப்பவனுக்கு அந்தத் தாள் தங்கம். இல்லாதவனுக்கு ஃபைலில் தூங்கும் காகிதம்.

எந்த ஐ.டி.ஐ. என்பதும் முக்கியம். 2022-இல் போட்ட ஒப்பந்தப்படி டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் புதிய தொழில்நுட்ப மையங்கள் அமைத்திருக்கிறார்கள். கட்டணம் வாங்கும் தனியார் இடம் என்றால் மேலே போட்ட கணக்கில் அந்தத் தொகையும், கடன் வாங்கினால் வட்டியும் ஏறும். சேரும் முன் விளம்பர போர்டைப் பார்ப்பதை விட ஒர்க் ஷாப்புக்குள் நுழைந்து மெஷின் ஓடுகிறதா, துருப்பிடித்து நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கணபதிப் பையன் ஒரு நடுவழி கண்டுபிடித்தான். ஐ.டி.ஐ.யில் சேர்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறைக்கு வருவதாக முதலாளியிடம் கேட்டான். அவரும் சரி என்றார். மாதம் 1,600, இரண்டு வருடத்துக்கு 38,400 ரூபாய். 2,19,600 என்பது 1,81,200 ஆனது. அம்மாவின் தவணை முழுசாக அடையாது, ஆனால் நிற்கவும் நிற்காது.

வசதியுள்ள வீட்டில் இந்த மூன்று வருடம் பெரிதாகத் தெரியாது. கூலியை நம்பி ஓடும் வீட்டில் அந்தச் சுமையை யாராவது ஒருவர் தூக்கியே ஆக வேண்டும். அதனால், "இலவசம்தானே, ஏன் படிக்க வைக்கவில்லை?" என்று ஒரு அம்மாவைக் கேட்கும் முன், அந்த வீட்டின் மாதக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.