வெளிறிய கருமை

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலர் ஒன்றிலே ஜீப் வண்டியின் மட்காட்டைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கலைப்பீடத்தில் வரலாறு பயில்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போரும் உளர். ஆயின், 2025 ஆம் ஆண்டின் விடுமுறையொன்றில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் இடையே எங்கள் முற்றத்தில் ஒரு வாரம் நடந்த வழக்கு, நான் கேட்ட எந்த விரிவுரைக்கும் குறைந்ததன்று.

வண்டி எண்பதுகளிற் செய்யப்பட்ட சுசுகி ஜீப். பதினைந்து ஆண்டுகளாகக் கிளிநொச்சியில் வீட்டுக்கும் வயலுக்கும் ஓடியது. கொட்டகை கண்டதில்லை. உடல் இரும்பு, சில்லுகளின் மேல் விளிம்பாய் நிற்கும் மட்காட்டுகள் நான்கும் கறுப்புப் பிளாஸ்ரிக். தங்கையின் படிப்புச் செலவுக்காக அதனை விற்பதென முடிவாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளுக்கு ஏறிய மதிப்பு பெரிது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் வழி திறந்துவிட, நாங்கள் சற்றுப் பிந்திவிட்டோம் போலும். பார்க்க வந்த இருவரும் எஞ்சினைத் திறக்குமுன்னரே மட்காட்டை விரலாற் தடவினர். விரலில் வெண்பொடி ஒட்டியது. அதன்பின் அவர்கள் கேட்ட விலையை இங்கே எழுத மனமில்லை.

“கொஞ்சம் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சு விடுங்கோ அத்தான். கறுகறுவெண்டு வந்திடும்” என்றார் மாமா.

“மழை பெய்தால்?”

“மழைக்கு முதல் வித்துப்போடலாம்.”

மாமா ஓரிடத்தில் எண்ணெய் தடவியும் காட்டினார். அந்த ஓரிடம் உண்மையாகவே புதிதாயிற்று. அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதே என்னைப் பிடித்துக்கொண்டது. விடுதியில் என் அறையிலிருக்கும் விஞ்ஞானபீட நண்பரைத் தொலைபேசியில் நச்சரித்து அறிந்துகொண்டேன்.

மட்காட்டின் உட்புறத்தில் அதன் இனம் பொறிக்கப்பட்டிருந்தது: பொலிபுறொப்பிலீன். இத்தாலியரான நற்றா 1954 இல் உருவாக்கிய பல்பகுதியம் அது. அத்துறைப் பணிக்காக அவரும் ஜேர்மானியரான சீக்லரும் 1963 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அதன் நீண்ட காபன் சங்கிலியில் ஒன்றுவிட்டொரு காபனிற் சிறு கிளையொன்று உண்டு. அக்கிளையின் அடியிலுள்ள ஐதரசன் எளிதிற் கழரக்கூடியது. வெயிலின் கழியூதாக் கதிர் பட, காற்றின் ஒட்சிசன் அவ்விடத்திற் புகுந்து சங்கிலியை அறுக்கின்றது. இரும்பிலே துருவாகச் சிவப்பதும் பிளாஸ்ரிக்கிலே பொடியாக வெளுப்பதும் ஒட்சியேற்றமே என்றறிந்தபோது எனக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாயிற்று. இதனைத் தடுக்கவே செய்யும்போது கரித்தூளைக் கலக்கின்றனர். விளக்குப் புகையைத் தகட்டிற் பிடித்து நம் பாட்டிமார் மையாக்கிய அதே இனக் கரிதான். ஒளியை அது விழுங்கிக்கொள்ளும். ஆனால், தன்னைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக்கே உதிரத் தொடங்கினால் கரி என்ன செய்யும்?

ஆகவே, அவ்வெண்மை மேலே படிந்த தூசியன்று. கழுவினாற் போகாது. மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலப்படாத ஆயிரம் வெடிப்புகள். அவற்றில் ஒளி சிதறுவதால் வெண்மை. எண்ணெயின் முறிவுச் சுட்டியும் பிளாஸ்ரிக்கின் முறிவுச் சுட்டியும் ஏறக்குறைய ஒன்றே, 1.5 க்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் வெடிப்பை நிரப்பியதும் சிதறல் நின்று கருமை தெரிகின்றது. வெடிப்போ அங்கேயே இருக்கின்றது.

பக்கத்துக் கராஜில் ரிங்கர் வேலை செய்பவர் வேறொரு வழி சொன்னார். சூடான காற்றைப் பீய்ச்சி மேற்பரப்பை இலேசாக உருக்கினால் வெடிப்புகள் மூடிக் கருமை திரும்பும். ஆயின், 160 பாகை செல்சியசு அளவிற் பொலிபுறொப்பிலீன் உருகிவிடும். கை ஒரு கணம் தாமதித்தால் மட்காட் நெளிந்துவிடும். அன்றியும், இழந்த காப்பு இதனால் மீள்வதில்லை. சில மாதங்களில் மறுபடியும் வெளுக்கும்.

அப்பா 1990 களில் யாழ்ப்பாணத்திற் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர். சொட்டுப் பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைத் திருத்திப் பழகிய கை அவருடையது. அத்தலைமுறைக்குத் திருத்துவதென்றால் உள்ளே திருத்துவதுதான். “எண்ணெய் வேண்டாம், பெயின்ற் அடிப்பம்” என்றார்.

“அதுவும் மூடுறதுதானே அத்தான்?” என்று மாமா மடக்கினார். அவ்வினாவைப் புறக்கணிக்க இயலாது. நான் இரண்டு நாள் அதனோடு திரிந்தேன். என் முடிபு இது: எண்ணெய் பார்ப்பவர் கண்ணில் மட்டும் வேலை செய்கின்றது, நல்ல பூச்சு கதிரை மறித்து, கரியும் காப்பும் செய்துவந்த வேலையைத் தான் ஏற்றுக்கொள்கின்றது. மாமா இதனை இன்றும் ஒப்பவில்லை.

வேலை நான் நினைத்ததிலும் கடினம். மட்காட்டுகளைக் கழற்றி, சவர்க்கார நீரிற் பலமுறை கழுவி, எண்ணெய் தடவிய இடத்தை இருமடங்கு தேய்த்தோம். முரட்டுச் சான்ட் பேப்பர் பட்டால் இந்தப் பிளாஸ்ரிக்கில் மயிர்போற் சிலும்பு எழும். மென்மையான தாளால் நீர்விட்டுத் தேய்த்து, செத்த தோலை நீக்கினோம். பொலிபுறொப்பிலீனிற் பூச்சு ஒட்டாது. மெழுகில் எழுதுவது போன்றது. அதற்கெனவுள்ள பிளாஸ்ரிக் பிறைமரை மெல்லியதாக அடித்தபின்னரே கறுப்புப் பெயின்ற், மூன்று முறை. பளபளப்பான வகை கடையில் மலிவு. அப்பா மங்கலானதையே வாங்கினார். வண்டி பிறந்தபோது பளபளத்ததில்லையாம்.

மூன்றாமவர் வந்து மட்காட்டைத் தடவினார். விரல் சுத்தமாக இருந்தது. அவர் வாய் திறக்குமுன் அப்பா, “இது போன கிழமை அடிச்சது. பழைய நிறம் பார்க்கிறதெண்டால் உள்ளுக்குப் பாருங்கோ” என்றார். அவர் குனிந்து பார்த்தார். வெயில் தொடாத உட்புறம், எண்பதுகளில் வார்த்த கருமையோடு அப்படியே இருந்தது. மாமா தலையிற் கைவைத்தார். வந்தவர் எழுந்து, விலையிற் சிறிது குறைக்கக் கேட்டார். அப்பா பாதிக்கு இணங்கினார். முதல் இருவர் சொன்னதைவிட அத்தொகை கூடுதலே. தங்கையின் முதலாண்டுக்குப் போதும். இரண்டாமாண்டுக்கு வேறு வழி பார்க்கவேண்டும்.