பார்க்கிறதுக்குக் கூலி

கத்தரிச் செடியின் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் தண்ணீர் ஊற்றுகிறவர் புதியவர். கிள்ளிப் பிளந்து பார்க்கிறவர் பழகியவர். சென்னை பூந்தமல்லிப் பக்கம் கரையான்சாவடியில் ஒரு மொட்டை மாடிக்கு நான் ஏறிப் போனபோது குருத்து ஏற்கெனவே இரண்டாகப் பிளந்து தோட்டக்காரரின் உள்ளங்கையில் கிடந்தது. நடுவில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு புழு.

“வேர்ல இருந்து தண்ணி மேல ஏறுது சார். நடுவுல இவன் குந்திக்கினு வழிய அடைச்சுட்டான்.”

தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்று வேளாண் புத்தகங்கள் இதைச் சொல்லும். இந்தியாவில் கத்தரிக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. தாய் அந்துப்பூச்சி இரவில் முட்டையிடும். பொரிந்த புழு சில மணி நேரத்துக்குள் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, புகுந்த துளையைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு இலைமேல் எதை அடித்தாலும் அதன்மேல் படாது. வயலில் விவசாயிகள் திரும்பத் திரும்ப மருந்து அடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். இந்த ஒரு புழுவுக்காகவே மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் நம்மூர் ரகங்களிலேயே அதை உருவாக்கியும் வைத்திருந்தது. 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். பக்கத்து வங்கதேசம் 2013இல் அனுமதித்துவிட்டது. இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று பேச ஒரு மாடி போதாது. ஆனால் இருபது கத்தரிச் செடி வைத்திருக்கிறவருக்கு அந்தச் சண்டையே தேவையில்லை. வாடிய நுனியைப் புழு இருக்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே கிள்ளி, நசுக்கி, மூடி போட்ட டப்பாவில் போட்டால் முடிந்தது. செடி பக்கக்கிளை விட்டுக்கொள்ளும். கிள்ளியதைத் தொட்டி ஓரத்தில் போட்டால் மட்டும் பயனில்லை. புழு ஊர்ந்து போய்ச் சருகுக்குள் கூண்டுப்புழுவாகி, இறக்கையோடு திரும்பி வரும்.

தோட்டக்காரருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். சொந்த ஊர் திருமழிசைக்கு மேற்கே. நிலம் இருந்த காலத்தில் அவர் நிலக்காரர் இல்லை, மருந்தடிக்கிற ஆள். கூலி நாள் கணக்கில் இல்லை, டேங்க் கணக்கில். முதுகில் ஒரு டேங்க் நிரப்பி அடித்து முடித்தால் இவ்வளவு என்று பேச்சு. எத்தனை டேங்க் அதிகமோ அவ்வளவு காசு. ஆக, செடியைப் பார்த்துக்கொண்டு நின்றால் நட்டம். மோனோகுரோட்டோபாஸ் அடித்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது, சாயங்காலம் சோறு இறங்காது, தலை கனக்கும் என்றார். அந்த மருந்தைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே தடை வந்தது. அதற்குப் பிறகும் அடித்தீர்களா என்று கேட்டேன். “டப்பால என்னா எழுதியிருக்குன்னு எங்களுக்கு யாரு படிச்சுக் காட்டினாங்க?” என்றார்.

நிலமெல்லாம் மனையானது. மனையெல்லாம் வீடானது. வீடுகளின் மேல் மாடி இருந்தது. அவரும் அவர் மனைவியும் இப்போது பூந்தமல்லி, குமணன்சாவடி, கரையான்சாவடி, காட்டுப்பாக்கம் பக்கம் வீடு வீடாகப் போய் மாடித்தோட்டம் பார்க்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு இங்கே உயிர் கொடுத்தது கொரோனா. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடியபோது மொத்தக் காய்கறி வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்கு வந்தது. சென்னைக்கான லாரியெல்லாம் வாசல் வழியாகப் போனாலும் வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்குக் கீரை கிடைக்கவில்லை. மாடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் தக்காளி முளைத்தது அப்போதுதான். மறுவருடம் அரசின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் வந்தது: ஆறு பை, ஆறு வகை விதை, இரண்டு கிலோ தென்னை நார்க்கட்டி ஆறு, உயிர் உரம், உயிரிக் கட்டுப்பாட்டுப் பொடி, நூறு மில்லி இயற்கைப் பூச்சிக்கொல்லி, ஒரு கையேடு. 900 ரூபாய் பெறுமான அந்தத் தொகுப்பு அப்போது மானியத்தில் 225 ரூபாய்.

அந்த மாதிரிச் சின்ன பாட்டில் வேப்பெண்ணெயைப் பற்றித் தோட்டக்காரரிடம் ஒரு முழுப் பிரசங்கமே இருக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்ப்ரேயரைக் கையில் எடுத்தவுடன் மறந்துவிடும். “குழாய் டேங்குக்கு அடியில இருந்து இழுக்கும். எண்ணெய் மேல மிதக்கும். மொதல்ல பத்து செடிக்கு வெறும் தண்ணி, கடைசி ரெண்டு செடிக்கு வெறும் எண்ணெய். அந்த ரெண்டும் கருகிடும். அப்புறம் வேப்பெண்ணெய் வேலைக்காவாதும்பாங்க.” காதி சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால் நிறம் வரும் வரை அடித்து, பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு ஐந்து மில்லி. வெயில் தாழ்ந்து அடிக்க வேண்டும், ஏனென்றால் வேம்பின் வீரியப் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும்.

அவர் மனைவிக்கு எண்ணெயைவிடக் கொட்டைமேல்தான் நம்பிக்கை. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது பொறுக்கி, சதை கழுவி, நிழலில் காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்கிறார். லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் ஐந்து சதவீதக் கரைசல். ஆடிப்பட்டம் விதைக்கிற நேரமும் கொட்டை உதிர்கிற நேரமும் ஒன்றாக அமைந்திருப்பது இயற்கையின் கருணை என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த நேரத்தில்தான் அவருக்கு இடுப்பு ஒடிகிறது.

வேம்பு பூச்சியைச் சட்டென்று கொல்லாது. தின்னவிடாமல் செய்யும், தோல் உரிப்பதைக் கெடுக்கும், முட்டையிடத் தயங்கவைக்கும். அடித்த மறுநாள் காலையில் புழு உயிரோடுதான் இருக்கும். வீட்டுக்காரர்களுக்குப் பொறுப்பதில்லை. “இன்னும் நெளியுதே?” என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வரும்.

அன்று முதலில் போன வீடு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவருடையது. டாங்கி செய்கிற இடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்த கை. தொட்டிகள் கோடு பிடித்தாற்போல் நிற்கின்றன. ஒவ்வொரு தொட்டிக்கும் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டில் ஒரு பக்கம். கத்தரி இலைகளைச் சல்லடையாக்கியிருந்த ஒரு வண்டை அவர் தொடவே இல்லை. “பொறிவண்டு நல்லதுன்னு படிச்சேன், தம்பி. அதான் விட்டுட்டேன்.”

தோட்டக்காரர் அதை எடுத்து வெயிலில் காட்டினார். பொறிவண்டின் முதுகு மெழுகு பூசினதுபோல் மின்னும். இது மங்கல்; கூர்ந்து பார்த்தால் நுண்ணிய ரோமம். புள்ளிகளை எண்ணினோம், 28. இது இலை தின்னும் ஜாதி. பொறிவண்டின் சொந்தக்காரன்தான், ஆனால் அது அசுவினியைத் தின்னும், இது கத்தரியைச் சுரண்டும். இலைக்கு அடியில் மஞ்சளாய், முள் முள்ளாய் அதன் பிள்ளைகள் இருந்தன. பெரியவர் நோட்டை எடுத்து, ‘28 = எதிரி’ என்று எழுதிக்கொண்டார்.

இதற்கு நேர்மாறான கதை அடுத்த தெருவில். செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வீட்டம்மா ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து வாளியில் தள்ளிக்கொண்டிருந்தார். தோட்டக்காரரின் மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அம்மா, இரு, இரு. இத விடு. இது ஓடுது பாரு. மாவுப்பூச்சி இப்படி ஓடுமா?”

வெள்ளைப் பஞ்சு நூல் நூலாகத் தொங்க, மற்றவற்றைவிடப் பெரிதாய் ஒன்று கிளையில் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிக்கு நடுவில் மாவுப்பூச்சி வேஷத்திலேயே இருந்து மாவுப்பூச்சியைத் தின்பது இதன் பிழைப்பு. 1898இல் காபித் தோட்டத்துச் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது, இங்கேயே தங்கிவிட்டது. அதைக் கரையான்சாவடியில் டூத் பிரஷ்ஷுக்குத் தப்பவைத்தது ஒரு பெண்ணின் கண். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. ‘ஓடுற மாவு’ என்றுதான் சொல்கிறார். நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

மாவுப்பூச்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் மருந்தால் தோற்றுப் பூச்சியால் ஜெயித்த கதை தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளியில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பக்கத்தது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, கத்தரி, செம்பருத்தி என்று ஏறியது. அடித்த மருந்து அதன் மெழுகுப் பூச்சைத் தாண்டவில்லை. 2010இல் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம், அமெரிக்க வேளாண் துறை வழியாகப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற, கடுகைவிடச் சின்ன மஞ்சள் குளவி நிலைத்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பிள்ளை உள்ளிருந்தே தின்று, ஓட்டில் ஓட்டை போட்டு வெளியே வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. சில மாதங்களில் தோட்டங்கள் மீண்டன. குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்காதீர்கள் என்பது மட்டுமே நிபந்தனை. எந்த விவசாயியும் காசு கொடுத்து வாங்காத வைத்தியம் அது. அதனால்தானோ என்னவோ, யாரும் அதைப் பற்றி விளம்பரம் செய்வதில்லை.

மாடியிலும் அதே நிபந்தனைதான். செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். அவை கசியும் தேனுக்காக எறும்பு காவல் நிற்கும். குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். எறும்பின் வழியை அடைத்தால் பாதி வேலை தீரும். தோட்டக்காரர் ஸ்டாண்டின் கால்களில் விளக்கெண்ணெய் தடவிய துணியைச் சுற்றுகிறார். மஞ்சள் அட்டையில் அதே விளக்கெண்ணெயைத் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டும். வெண்டைக்கு இது முக்கியம். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைச் செடிக்குச் செடி எடுத்துப் போவது வெள்ளை ஈதான். நோய் வந்த வெண்டையைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. காய்க்கிற செடியைப் பிடுங்கச் சொன்னால் வீட்டுக்காரர்கள் அழாத குறை.

இந்தப் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோ தடத்துக்காகச் சாலையைத் தோண்டித் தூண் எழுப்பிய வருடங்களில் மாடிகளெல்லாம் தூசு. தூசு படிந்த இலையில் செம்பேன் பெருகும். அதைத் தின்னும் நல்ல பேன்களுக்குத் தூசு ஆகாது. இலை மேலே ஊசி குத்தின மாதிரி வெளுத்து, அடியில் மெல்லிய வலை கட்டியிருக்கும். இதற்கு வைத்தியம் தண்ணீர்தான்: குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். செம்பேன் கோடையில் வரும், கோடையில் தண்ணீர் இருக்காது. செம்பரம்பாக்கம் வறண்ட 2019இல் குளிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்த்த தெருக்கள் இவை. அந்த வருடம் தோட்டம் வைத்திருந்தவர்கள் வெண்டையைச் செம்பேனிடமே விட்டுவிட்டார்களாம்.

பெரியவர் வீட்டில் கணக்குப் பேசும்போதுதான் எனக்கு இந்தத் தொழிலின் முடிச்சு பிடிபட்டது. பை நிரப்ப, நாற்று நட, மருந்து அடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் ரேட் இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒரு வீட்டில் செலவழிக்கிற நேரத்தில் பெரும்பகுதி இலையைத் திருப்பிப் பார்ப்பதில் போகிறது. அதற்கு ரேட் இல்லை. மருந்து அடிக்காமல் இறங்கி வந்தால், “இன்னிக்கு வேலை ஒண்ணும் இல்லையே” என்று சில வீடுகளில் காசு தருவதில்லை. அதனால் தேவையில்லாத இடத்திலும் மோர்க் கரைசலோ இஞ்சி பூண்டுக் கரைசலோ ஏதாவது ஒன்றைப் பேருக்கு அடித்துவிட்டு வருவதும் உண்டு என்று தோட்டக்காரர் ஒளிக்காமல் சொன்னார். டேங்க் கணக்கு வயலை விட்டு மாடி ஏறிவிட்டது. இயற்கை மருந்தானாலும் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஓடுற மாவுக்கும் குளவிக்கும் சேர்த்துத்தான் அடி. மாடித்தோட்டப் பயிற்சிகளில் கரைசல்களைப் பற்றி நிறையவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அடிக்காமல் வருவதற்குக் கூலி கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

பெரியவருக்கு இது உடனே புரிந்தது. “எங்க ஃபேக்டரியில இன்ஸ்பெக்‌ஷனுக்குன்னு தனி டிபார்ட்மென்ட். அவன் ஒரு போல்ட்டு கூட முடுக்க மாட்டான். பார்த்து சீல் குத்துவான், சம்பளம் வாங்குவான். உனக்கு மட்டும் என்ன?” என்றார். அவர் வீட்டில் மட்டும் மாதத்துக்கு ஒரே தொகை. அடித்தாலும் அதுதான், அடிக்காவிட்டாலும் அதுதான். மற்ற வீடுகளிலும் இப்படிக் கேளுங்களேன் என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தாராம். ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில், பார்க்கிறதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, மூன்று வாரம் கழித்துத் தக்காளி சுருண்டுபோன பிறகு போன் செய்தார்கள்.

கிளம்பும்போது எழுதுவதற்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். மனைவிதான் முந்திக்கொண்டார்.

“நாங்க வர்றதுக்கு மொத நாளு எதையும் அடிச்சுறாதீங்கன்னு எழுதுங்க சார். பூச்சியும் இருக்காது, பூச்சி தின்ற பூச்சியும் இருக்காது. வந்து நாங்க எதப் பாக்குறது?”